நவமியன்று எடுத்த ஊசி

தொண்ணூறுகளில் எட்டு வருடம் நான் ஐஸ் ஹொக்கிக் கையுறைகளுக்கு உள்ளங்கை தைத்தேன். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களே முதலில் சிரிப்பார்கள். "கையுறைக்கு உள்ளங்கை தனியாத் தேயுமோ?" என்று கேட்பார்கள். தேயும். ஹொக்கி விளையாடுகிறவர் இரண்டு கையாலும் தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓடுகிறார். கையுறையின் வெளிப்பக்கம் பஞ்சு வைத்துத் தடிப்பாக இருக்கும், லேசில் பழுதாகாது. உள்பக்கம் மெல்லிய தோல். ஒரு பனிக்காலத்திலேயே அதில் ஓட்டை விழுந்துவிடும். அந்தத் தோலை மட்டும் பிரித்தெடுத்து, புதுத் தோல் வெட்டித் தைத்துக் கொடுப்பதுதான் என் வேலை.

கடை ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில், ஒரு சின்ன பிளாசாவில் இருந்தது. ஒரு பக்கம் பல் டொக்டர், மறுபக்கம் சீனப் பேக்கரி. முதலாளி வயதான இத்தாலியர். முன்னுக்கு நின்று சறுக்குச் சப்பாத்துகளின் இரும்பைத் தீட்டிக் கொடுப்பார். பின்னுக்கு ஒரு தையல் மெசினும் நானும். மெசினுக்கு மேலே ஒரு பிள்ளையார் படம். அதை ஒட்டும்போது முதலாளி, "இவருக்குத் தும்பிக்கை இருக்கிறது, தடி பிடிக்கத் தேவையில்லை, நல்ல ஆட்டக்காரர்" என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன். பிள்ளையாரும் கோபித்திருக்க மாட்டார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊசியைப் பிடித்துத்தான் சாப்பிட்டேன், ஊசியைப் பிடித்துத்தான் கலியாணம் செய்தேன். ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்த படிப்பும் அதுதான். ஆனால் ஊரில் நான் தைத்தது துணி, இங்கே தோல். அது என் மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. வேலையால் வந்து குளித்து, திருநீறு பூசாமல் சாமியறைக்குள் கால் வைக்க மாட்டேன். மனைவியும் அதில் கண்டிப்பானவ.

ஒரு ஆட்டக்காரர் முதல்முதல் கடைக்கு வந்தபோது நான் செய்த பிழையை இப்போது நினைத்தாலும் வெட்கம். ஹொக்கியில் காசுக்கு விளையாடுகிறவர்கள் வந்தால் கதவு நிறையும். குனிந்துதான் உள்ளே வருவார்கள். இவர் என் உயரம். என் உயரம் ஐந்தரை அடிதான். மெல்லிய உடம்பு, சிவந்த முகம், இருபத்தைந்து வயது மதிக்கலாம். ஒரு சின்னச் சோடிக் கையுறையைத் தூக்கி மேசையில் வைத்தார்.

அவர் இங்கிலிசில் சொன்னவற்றை எனக்கு விளங்கிய தமிழிலேயே எழுதுகிறேன். அவர் என்னை "மை பிரண்ட்" என்று கூப்பிட்டதையும் "அண்ணை" என்று மாற்றிவிடுகிறேன். எங்கள் இரண்டு பேரின் வயதுக்கும் அதுதான் பொருத்தம்.

"மகனுக்கோ?" என்று கேட்டேன்.

"எனக்கு."

"ஓ. பொழுதுபோக்குக்கு விளையாடுறனீங்களோ?"

முன்னுக்கு நின்ற முதலாளி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். வந்தவரும் சிரித்தார். சிரிக்கும்போது மேலே இரண்டு பல் இல்லை. "பொழுதும் போகுதுதான், அண்ணை. ஆனா சம்பளமும் தருகினம்" என்றார்.

அவர் ஒரு ஃபோர்வேட். அதாவது கோல் அடிப்பதற்காக முன்னுக்கு ஓடுகிறவர். ரீவியில் காட்டுகிற பெரிய கூட்டத்தில் அல்ல, அதற்கு அடுத்த படியில் இருக்கிற கூட்டத்தில். அமெரிக்காவின் சின்ன நகரங்களில், பஸ்ஸில் இரவிரவாகப் போய் விளையாடுகிற கூட்டம். அங்கே நன்றாக விளையாடினால் ஒருநாள் மேலே கூப்பிடுவார்கள். மேலே போனவரைப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கீழே அனுப்புவார்கள். "மேல", "கீழ" என்றே அவர்கள் கதைப்பார்கள். சொர்க்கத்தையும் பூமியையும் சொல்வது போல இருக்கும்.

அவர் எட்டு வயதிலிருந்தே எல்லாரையும் விடச் சின்னவராம். பதினெட்டு வயதில் பெரிய அணிகள் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும்போது இவருடைய பெயரை ஒருவரும் சொல்லவில்லை. தகப்பனோடு ரீவிக்கு முன்னால் இருந்து கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டாராம். பிறகு தானாகவே ஒவ்வொரு அணியாகப் போய், "ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்டு உள்ளே நுழைந்தவர். ஒவ்வொரு செப்ரெம்பரும் ஏதாவது ஒரு பெரிய அணியின் பயிற்சி முகாமுக்குப் போவார். அங்கே முதல் நாள் எல்லாரையும் நிறுப்பார்கள்.

"நிறுக்கிறதுக்கு முன்னம் வயிறு முட்டத் தண்ணி குடிப்பன்" என்று சொன்னார். "ஒருக்கா உள்ளுடுப்புக்குள்ள மீன்பிடிக்கிற ஈயக்குண்டு வைச்சுக்கொண்டு போனனான். தராசில ஏற அது கிலுங்கிப் போச்சு. கோச் கேட்டார், என்ன தம்பி, சில்லறையோ எண்டு."

நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எங்கள் ஊரில் பாண் ரொட்டியைத்தான் இறாத்தல் கணக்கில், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, விற்றார்கள். இங்கே ஒரு மனிதனின் பிழைப்பு ஏழெட்டு இறாத்தலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய ஆட்களின் முழங்கை நேராகத் தன் பல்லுக்கு வரும் என்பார். அதனால் அவர்களை இடித்து வெல்ல முடியாது. அவர்களுடைய கைக்குக் கீழால் நுழைந்து ஓடவேண்டும். மற்றவர்களுக்கு உடம்பு செய்கிற வேலையை அவருக்குக் கை செய்யவேண்டும். 'பக்' என்கிற அந்தக் கறுப்பு றப்பர் வட்டு தடியில் தொடுவது உள்ளங்கையில் தெரிய வேண்டுமாம். "கையில ஒண்டும் போடாத மாதிரி இருக்கோணும், அண்ணை." அதனால் இருக்கிற தோலில் மிக மெல்லியதைத் தேடி எடுத்து அவருக்கு வெட்டுவேன். புதுக் கையுறை வாங்கினால் பழக ஒரு மாதம் எடுக்கும், அவருடைய அளவிலும் இலேசில் கிடைக்காது. ஆகவே கோடை முடிகிற நேரம் அந்த ஒரே சோடியைக் கொண்டு வருவார். அவர் தேநீர் குடிக்க மாட்டார், நான் கோப்பி குடிக்க மாட்டேன். இரண்டு பேரும் சும்மா நின்று கதைப்போம்.

இப்படி நாலு வருடம் போனது. ஐந்தாம் வருடம் அவர் செப்ரெம்பர் கடைசியில் வந்தார். அது வருகிற நேரமில்லை. அந்த நேரம் அவர் முகாமில் இருக்க வேண்டும்.

"வேண்டாமெண்டிட்டினம்" என்றார். "மேலயும் இல்லை, கீழயும் இல்லை. இருபத்தொன்பது வயதாம், சின்ன உடம்பாம். வயதாவது ஏறுது, உடம்பு ஏறுதில்லை."

நான் கையுறையைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருந்தன.

"மாமனார் பிக்கரிங்கில புது வீடுகளுக்குக் காப்பெற் விரிக்கிறவர். வரச்சொல்லுறார். மனுசிக்குச் சொல்லியிருக்கிறன், ஒக்ரோபரில வாற தாங்ஸ்கிவிங் லீவு வரைக்கும் பாப்பம் எண்டு. அதுக்குள்ள ஒரு இடத்தாலயும் ரெலிபோன் வராட்டி காப்பெற்தான்."

"அப்ப உது?" என்று கையுறையைக் காட்டினேன்.

"தையுங்கோ. அவசரமில்லை."

அவர் அவசரமில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. போகும்போது வழமைபோல முதலாளியோடு பகிடி கதைக்கவுமில்லை. அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்து குளித்து, விளக்கு வைக்கும்போது அவரையும் நினைத்துக் கும்பிட்டேன். ஒரு வெள்ளைக்கார ஹொக்கிக்காரரைப் பிள்ளையாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அந்தச் சின்ன ஆள்" என்று சொன்னேன்.

நவராத்திரி நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. எங்கள் வீட்டுச் சாமியறை உடுப்பு வைக்கிற ஒரு சின்ன அறைதான். கதவைக் கழற்றிவிட்டு, கும்பம் வைத்து, ஒன்பது நாளும் பூசை செய்வோம். ஒன்பதாம் நாள், நவமியன்று, சரஸ்வதி பூசை. மகள் தன் புத்தகங்களை வைப்பாள். அன்று படிக்கக் கூடாது என்பதில் அவளைப் போல ஆசாரம் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. நான் என் ஊசிகள், குத்தூசி, கத்தரிக்கோல், நூற்கட்டை எல்லாவற்றையும் வைப்பேன். வைத்ததை அடுத்த நாள் விஜயதசமியன்று விடியப் பூசை செய்துதான் எடுக்க வேண்டும். ஊரில் பன்னிரண்டு வயதில் முதல் ஊசியை வைத்த நாளிலிருந்து ஒரு வருடமும் நான் அதில் தவறியதில்லை. முதலாளியிடமும் வருடத்தில் அந்த ஒரு நாள் லீவு கேட்பேன். "உன் ஊசிக்கு விடுமுறை, என் முதுகுக்கு இல்லை" என்று புறுபுறுத்துக்கொண்டே தருவார்.

அந்த வருடம் பூசைக்கு முதல்நாள் பின்னேரம், அவருடைய வலது கையைத் தைத்து முடித்துவிட்டேன். இடது கையின் பழைய தோலைப் பிரித்து, புதியது வெட்டி வைத்திருந்தேன். சாமான்களைப் பையில் போடும்போது மனதில் ஒன்று தோன்றியது. கையில் இருக்கிற வேலையையும் சேர்த்து வைத்தால் என்ன? ஊசிக்குக் கிடைக்கிற ஆசீர்வாதம் அந்தக் கையுறைக்கும் கிடைக்கட்டுமே. தாங்ஸ்கிவிங்குக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. கையுறைக்கு உரியவரைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் மனிதன் மற்றவனைக் கேட்பதில்லை.

வீட்டில் மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினா.

"இஞ்சேருங்கோ, என்ன உது? வேர்வை மணம் மணக்குது."

"ஒரு ஆளின்ரை கிளவுஸ். ஊசியோட சேத்து வைப்பமெண்டு..."

"தோலல்லோ! தோல் தொட்டால் குளிக்கிற மனுசன், இப்ப தோலையே கொண்டந்து சரஸ்வதிக்கு முன்னால வைக்கப் போறாரோ?"

"மிருதங்கம் என்னத்திலை செய்தது? அதையும் வைக்கிறவைதானே."

"மிருதங்கத்துக்கு உப்பிடி மணமில்லை" என்றா. ஆனால் அடுத்த நாள் காலை தானே அந்தக் கையுறை இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்திப் பூவும் வைத்திருந்தா.

பூசை நாள் மத்தியானத்துக்குப் பிறகு முதலாளி ரெலிபோன் எடுத்தார். "அந்தச் சின்னவன் வந்து நிற்கிறான். கிளவுஸ் எங்கே? கடை முழுக்கக் கிண்டிவிட்டேன். கள்ளன் வந்தானோ என்று பார்த்தேன்."

"என்னட்டை வீட்டிலை" என்றேன்.

"வீட்டிலா? ஏன்?"

அதை இங்கிலிசில் சொல்ல என்னால் முடியவில்லை. விலாசத்தைக் கொடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஐந்தரை மணியளவில் வந்தார். சப்பாத்தை யாரும் சொல்லாமலே கழற்றினார். முகம் முழுக்கச் சிரிப்பு. அமெரிக்க எல்லையைத் தாண்டி, காரில் ஆறு மணித்தியாலம் ஓடவேண்டிய ஒரு நகரத்து அணி கூப்பிட்டிருக்கிறதாம். கீழ்க்கூட்டம்தான். அவர்களுடைய ஃபோர்வேட் இருவருக்குக் காயம். பத்து ஆட்டத்துக்கு எடுத்துப் பார்ப்பார்களாம். பிடித்தால் வைத்திருப்பார்கள். பிடிக்காவிட்டால் வீடு. முதல் ஆட்டம் அடுத்த நாள் பின்னேரம். விடிய ஐந்து மணிக்குக் காரை எடுக்க வேண்டும்.

"பத்து ஆட்டம், அண்ணை! கிளவுஸ் முடிஞ்சுதோ?"

நான் அவரைச் சாமியறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊதுபத்திப் புகை. நடுவில், மகளின் கணக்குப் புத்தகத்துக்கும் என் கத்தரிக்கோலுக்கும் இடையில், அவருடைய கையுறைகள் பூவோடு கிடந்தன. வலது கை முழுசாக, இடது கை வயிறு பிளந்தது போல.

அவர் மெதுவாகக் கேட்டார். "அண்ணை, என்ரை கிளவுஸ் செத்துப்போச்சோ?"

அவர்களுடைய வழக்கத்தில் பூவும் விளக்கும் மணமும் செத்த வீட்டுக்குத்தானே. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். இது படிப்புக்கும் தொழிலுக்கும் உரிய அம்மன். இன்று ஊசியைத் தொடக்கூடாது. உங்களுக்கு நல்லது நடக்க வேண்டுமென்று வைத்தேன். கேட்காமல் வைத்தது என் பிழை. நாளை விடியத்தான் எடுக்கலாம்.

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "எனக்கு விளங்குது. நானும் எப்பவும் இடது சப்பாத்துத்தான் முதல் போடுவன். ஆரும் மாத்திப் போடச்சொன்னா மட்ச் விளையாட மாட்டன். ஆட்டத்துக்கு முன்னம் என்ரை தடியை ஆரும் தொட்டால் புதுத் தடி எடுப்பன்." பிறகு, "பரவாயில்லை. அவையிட்டை ஏதும் சோடி இருக்கும். போட்டுப் பாக்கிறன்" என்று சொல்லி, சப்பாத்தைத் தேடினார்.

அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பெரிய ஆட்களுக்குச் செய்த தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு, கைதான் பலம் என்று இருக்கிற மனிதன் அந்தப் பத்து ஆட்டத்தையும் தொடங்கப் போகிறார். அதற்கு நான்தான் காரணம்.

சமையலறை வாசலில் மாவுக் கையோடு நின்ற மனைவிக்கு இங்கிலிஸ் குறைவு. ஆனால் நடந்தது எல்லாம் விளங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ, ஊரிலை இப்ப என்ன நேரம்?"

"ஏன்?"

"சொல்லுங்கோவன்."

கணக்குப் பார்த்தேன். "விடியப்புறம் மூண்டரை இருக்கும்."

"அப்ப அங்கை தசமி நாளாப் போச்சு. இன்னும் ஒரு மணித்தியாலத்திலை கோயில் திறந்து மணி அடிச்சிடும். பேந்தென்ன, எடுக்கலாம்தானே?"

"நாங்கள் இருக்கிறது இஞ்சையப்பா. இஞ்சத்தை நேரத்துக்குத்தானே பாக்கோணும்."

"மாமியின்ரை திவசத்தை ஊர்ப் பஞ்சாங்கம் பாத்துத்தானே செய்தனீங்கள்? செத்தவைக்கு ஊர் நேரம், உந்தப் பெடியனுக்கு மட்டும் கனடா நேரமோ?"

கோயில் ஐயரைக் கேட்போம் என்று ரெலிபோன் எடுத்தேன். ஐயரின் மனைவிதான் எடுத்தா. "ஐயர் பூசையிலை நிக்கிறார். இண்டைக்கு ஆரும் பிடிக்கேலாது. ஏன், ஏதும் துடக்கு, தீட்டோ?" என்று கேட்டா. "இல்லையம்மா, ஒரு கிளவுஸ்" என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இனி நானும் அம்மனும்தான். வாசலில் நின்று யோசித்தேன். ஊர் நேரம் என்று மனைவி சுலபமாகச் சொல்லிவிட்டா. ஊரில் சண்டை நடந்த அந்த வருடம் எங்கள் கோயிலில் மணி அடித்ததோ, அடிக்க ஆட்கள் இருந்தார்களோ, எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. அடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்கு அன்றைக்கு விருப்பமாக இருந்தது. ஏழு மணி வரைக்கும் பார்ப்போம் என்று அவரை இருக்கச் சொன்னேன்.

மனைவி அவருக்குக் கதிரை போட்டு, வடையும் கடலையும் சர்க்கரை போட்ட அவலும் வைத்தா. அவர் கட்டுப் பல்லைக் கழற்றி ஒரு சின்ன டப்பிக்குள் போட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"அப்பா, ஹீ இஸ் ஸோ ஷோர்ட்!" என்றாள்.

"நான் வளருவன்" என்று அவர் அவளுக்குச் சொன்னார். "உங்கட அம்மா இன்னும் ரெண்டு வடை தந்தால்."

ஏழு மணிக்குக் கை கால் கழுவி, கற்பூரம் கொளுத்தினேன். தேவாரம் ஒன்று பாடினேன். அவர் பின்னுக்கு, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். "அம்மா, பிழையென்றால் என்னிலை வை, அவரிலை வையாதை" என்று சொல்லி ஊசியை எடுத்தேன். தசமி விடிய எடுக்கும்போது வருகிற சந்தோஷம் அதில் இருக்கவில்லை. திருடுவது போலத்தான் இருந்தது.

மெசின் கடையில். ஆகவே எல்லாம் கைத்தையல். தோலில் குத்தூசியால் துளை போட்டு, ஊசியை விட்டு, இழுத்து. சாப்பாட்டு மேசையில் இருந்து தைத்தேன். அவர் எதிரே இருந்து நூலை அளந்து வெட்டித் தந்தார். ஒன்பது மணிக்குள் முடிந்துவிட்டது. போட்டுப் பார்த்து, விரல்களை மடக்கி விரித்து, "நல்லாயிருக்கு, அண்ணை" என்றார். மனைவி ஒரு பை நிறைய வடை சுற்றிக் கொடுத்தா. நான் அவருடைய நெற்றியில் கொஞ்சம் திருநீறு பூசலாமா என்று கேட்டேன். குனியத் தேவையில்லாத உயரம். பூசினேன்.

அடுத்த நாள் ஐயரிடம் கேட்டேன். "செய்துபோட்டு ஏன் கேக்கிறீர்?" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்து ஆட்டங்களை ரீவியில் காட்டுவதில்லை. முதலாளி பேப்பரின் கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைப் போட்டுத் தேடி வாசித்துச் சொல்வார். முதல் ஆட்டம், ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. நாலாவதில் ஒரு கோல். நான் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும்போது எத்தனை ஆட்டம் மிச்சம் என்று எண்ணிக்கொண்டே போனேன். பத்து முடிந்து இரண்டு நாள் கழித்து, நான் வேலையால் வரும்போது மனைவி அடுப்படியில் நின்றே சத்தம் போட்டா.

"உங்கட சின்ன ஆள் ரெலிபோன் எடுத்தவர். இங்கிலிசிலை கனக்கச் சொன்னார். எனக்கு ஒண்டுதான் விளங்கினது. வைச்சிருக்கினமாம்."

நான் அப்படியே கோட்டோடு கதிரையில் இருந்துவிட்டேன்.

அந்த வருடம் முழுவதும் வைத்திருந்தார்கள். மாரிக்காலத்தில் மேலேயும் கூப்பிட்டார்கள், நாலு ஆட்டத்துக்கு. ஒரு சனிக்கிழமை ரீவியில் பார்த்தோம். எல்லாரும் ஒரே உடுப்பு, தலையில் கவசம், ஆனால் அவரைத் தேடத் தேவையிருக்கவில்லை. மற்றவர்களின் தோளுக்குக் கீழே ஒரு தலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய ஆள் அவரை ஐஸ் தரையைச் சுற்றி அடித்த பலகையோடு சேர்த்து இடித்தபோது மனைவி எழும்பிவிட்டா. "உவன் ஆர்? உவனுக்குத் தாய் தகப்பன் இல்லையோ?" என்று ரீவியைப் பார்த்து ஏசினா. நாலு ஆட்டத்திலும் கோல் இல்லை. திருப்பிக் கீழே அனுப்பினார்கள். அடுத்த வருடமும் கீழேதான். அதற்குப் பிறகு ஜெர்மனியில் ஒரு அணி கேட்டது. அங்கே ஐஸ் தரை அகலமாம், ஓடுவதற்கு இடம் அதிகமாம், சின்ன ஆட்களுக்கு வசதியாம். இரண்டு வருட ஒப்பந்தம். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போக இருந்தார்.

அந்த இரண்டு வருடமும் அணியின் ஆளே தைத்துக் கொடுத்த அதே சோடியை எடுத்துக்கொண்டு, போவதற்கு முன் கடைக்கு வந்தார். மேசையில் வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகத் தயங்கினார்.

"அண்ணை, இந்தமுறை இடது கையைக் கொஞ்சம் தளர்த்தித் தைப்பீங்களோ?"

"ஏன், இறுக்கமோ?"

"இப்ப இல்லை. அந்த முறை. உங்கட வீட்டிலை தைச்சது."

கட்டைவிரலுக்குப் பக்கத்தில் தோலை இழுத்துப் பிடித்துவிட்டேனாம். முதல் ஆட்டத்தில் தடியைச் சுற்றிக் கட்டைவிரலை மடக்கவே முடியவில்லையாம். இடைவேளையில் கத்தரிக்கோலால் நாலைந்து தையலை வெட்டிவிட்டு, பாதி உள்ளங்கை வெறுமையாகத்தான் மிச்சத்தை விளையாடினாராம். கோல் ஒன்றும் வரவில்லை. ஆனால் பெரிய ஆட்கள் நிற்கிற மூலைக்குள் பயப்படாமல் ஓடி ஓடிப் போனதைக் கண்டுதான் கோச் அடுத்த ஆட்டத்துக்கும் போட்டாராம்.

"அப்ப ஏன் அண்டைக்கு நல்லாயிருக்கு எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"உங்களுக்குக் கண் கலங்கியிருந்தது. உங்கட மனுசி வடை சுத்திக்கொண்டு நிண்டா. சாமிக்கு முன்னால இருந்து எடுத்தது. அதை இறுக்கம் எண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது?"

முதலாளி முன்னுக்கு நின்று உரக்கச் சிரித்தார். நான் அவருடைய இடது கையைப் பிடித்து, கட்டைவிரலின் அடியை நாடாவால் இரண்டு தரம் அளந்து, பேப்பரில் குறித்து வைத்தேன். மெசினில், நிதானமாக, இரண்டு நாள் எடுத்துத் தைத்தேன்.

அன்று பின்னேரம் மனைவிக்குச் சொன்னபோது வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. நிமிர்ந்து பார்த்தா.

"பாத்தியளோ? நேரத்துக்கு முன்னம் எடுத்த குற்றம்."

"இஞ்சேரும், நீர்தானே ஊரிலை விடியுது எண்டு சொன்னீர்!"

"விடியுது எண்டுதான் சொன்னனான். இறுக்கித் தைக்கச் சொன்னனானோ?"